மயங்கி விழும் பிள்ளையும் ஈ.சி.ஜி. தாளும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் வைத்தியத்துறையிலிருந்து ஏதாவது பேசும்படி சங்கத்தார் கேட்டபோது, நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற பழகிய தலைப்புகளே முதலில் மனதில் வந்தன. அவற்றைப் பற்றி நீங்கள் வானொலியிலும் கிளினிக்கிலும் நிறையக் கேட்டிருப்பீர்கள். பெண்பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் பேசியே தீரவேண்டிய, ஆனால் அதிகம் பேசப்படாத விடயம் ஒன்று உண்டு. அது பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பற்றியது. அந்த மயக்கத்திற்குப் பின்னால் இதயத்தின் மின்சாரம் இருக்கிறதா என்று ஒரு துண்டுத் தாளைப் பார்த்துக் கண்டுகொள்வதைப் பற்றியது.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் முதல் இந்த மலைகளின் வரலாறு பெண்களின் கைகளால் எழுதப்பட்டு வருகிறது. கூடையைச் சுமந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தப் பாடசாலைக்கு வந்தோம். காலையில் தேநீரை மட்டும் குடித்துவிட்டு மலையேறி வந்து, காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று, மயங்கி விழாத வகுப்பு எங்கள் காலத்திலும் இருந்ததில்லை. விழுந்தவளைத் தூக்கிச் சென்று படுக்கவைத்து, தண்ணீர் தெளித்து, சீனி போட்ட தேநீர் கொடுப்போம். அரைமணி நேரத்தில் எழுந்து வகுப்புக்கு வந்துவிடுவாள். பெரும்பாலான மயக்கங்கள் இப்படிப்பட்டவைதான். அவை பயப்பட வேண்டியவை அல்ல.

ஆனால் எல்லா மயக்கமும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள முதலில் ஈ.சி.ஜி. என்றால் என்னவென்று பார்ப்போம்.

இதயத்தின் மின்னோட்டத்தைச் சரிவரப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கியவர் வில்லம் ஐந்தோவன். நெதர்லாந்துக்காரர் என்றாலும் அவர் பிறந்தது 1860இல், ஜாவாத் தீவின் செமராங் நகரத்தில். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஓர் அறையையே நிரப்பியது; அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே வேலையைக் கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறு பெட்டி செய்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் வாங்குவதில்லை. வலி இல்லை, ஊசி இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கைகால்களில் நான்கும் நெஞ்சில் ஆறுமாகப் பத்து மின்வாய்களை ஒட்டுகிறோம். அவற்றிலிருந்து பன்னிரண்டு கோணங்களில் இதயம் பதிவாகிறது. தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே மாதிரியான கோலம் விழும். முதலில் சிறிய மேடு. அது மேலறைகள் சுருங்குவதற்கான மின்னலை. அடுத்து ஊசிபோல் எழுந்து இறங்கும் கூரிய அலை. அது கீழறைகள் சுருங்கத் தொடங்குவதைக் காட்டும். கடைசியாக மெதுவாக எழுந்து சாயும் மேடு. அது கீழறைத் தசைகள் அடுத்த துடிப்புக்காகத் தம்மை மீண்டும் தயார்ப்படுத்துவதைக் காட்டும். இவற்றுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று எழுத்துப் பெயர்களை இட்டவரும் ஐந்தோவன்தான். கூரிய அலை தொடங்கும் இடமான கியூவிலிருந்து, கடைசி மேடான டி முடியும் இடம்வரை உள்ள நேரத்தைத்தான் கியூ.டி. இடைவெளி என்கிறோம். தாளில் ஒரு சிறிய கட்டம் 40 மில்லிசெக்கன். ஐந்து சிறிய கட்டங்கள் கொண்ட பெரிய கட்டம் 200 மில்லிசெக்கன். வழமையான கியூ.டி. இரண்டு பெரிய கட்டங்களுக்கு அண்மையில் இருக்கும்.

இந்த நேரம் ஏன் முக்கியம்? பாடசாலை விடும் மணியை எண்ணிப் பாருங்கள். மணி அடித்ததும் எல்லா வகுப்புகளும் ஒரே நேரத்தில் முடிந்து எல்லோரும் வெளியேறினால் ஒழுங்கு இருக்கும். சில வகுப்புகள் முன்னதாக முடிந்து, சில வகுப்புகள் இன்னும் நடந்துகொண்டிருக்க, அந்த நேரம் பார்த்து யாரோ மறுபடியும் மணியை அடித்துவிட்டால் என்ன நடக்கும்? வெளியே நிற்பவர்கள் உள்ளே வருவார்கள், உள்ளே இருப்பவர்களால் அசைய முடியாது, நடைபாதையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். இதயத்திலும் அப்படித்தான். தசையின் ஒரு பகுதி தயாராகிவிட்டது, இன்னொரு பகுதி தயாராகவில்லை என்ற நிலையில் தவறிய துடிப்பு ஒன்று வந்தால், மின்னோட்டம் சுழலத் தொடங்கும். கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் மிக விரைவாகத் துடிக்கும். மூளைக்கு இரத்தம் போகாது. ஆள் மயங்கி விழுவார். சுழல் தானாக நின்றால் எழுந்துவிடுவார். நிற்காவிட்டால் உயிர் போய்விடும்.

கியூ.டி. நீண்டவர்களிடம் வரும் இந்தச் சுழலுக்கு 1966இல் டெசர்டென் என்ற பிரெஞ்சு வைத்தியர் ‘டோர்சாட் டி பொயின்ட்’ என்று பெயர் வைத்தார். முனைகள் முறுகுவது என்பது அதன் பொருள். தாளில் அலைகளின் முனைகள் கயிறு திரிப்பதைப்போல் மேலும் கீழுமாக முறுகிச் செல்லும். அவர் முதலில் விவரித்த நோயாளி 80 வயதான ஒரு பெண்மணி. பெண் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் அதற்குப் பின்னால் ஓர் உண்மை இருப்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இங்கே எங்கள் துறையின் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். தசையின் பகுதிகள் சமமற்ற வேகத்தில் தயாராவதுதான் ஆபத்து என்றால், அந்தச் சமமின்மையையே நேரடியாக அளந்துவிட முடியாதா? 1990இல் பிரித்தானியாவில் டே, மக்கோம்ப், கேம்ப்பெல் ஆகிய மூவர் ஓர் எளிய வழியை முன்வைத்தார்கள். பன்னிரண்டு கோணங்களிலும் கியூ.டி.யைத் தனித்தனியே அளப்பது. மிக நீண்டதிலிருந்து மிகக் குறுகியதைக் கழிப்பது. அந்த வித்தியாசத்துக்கு ‘கியூ.டி. சிதறல்’ என்று பெயர். புதிய கருவி தேவையில்லை, செலவில்லை, ஓர் அளவுகோலும் பொறுமையும் போதும். எங்களைப்போன்ற நாடுகளுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன இருக்க முடியும்? மாரடைப்பு, இதயப் பலவீனம், நீரிழிவு, சிறுநீரக நோய் என்று எல்லாவற்றிலும் இதை அளந்து உலகெங்கும் கட்டுரைகள் குவிந்தன. முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த நெதர்லாந்தின் ரொட்டர்டாம் ஆய்விலும், சிதறல் கூடியவர்களிடையே இதய நோயால் இறந்தோர் கூடுதலாக இருந்தனர்.

ஆனால் ஆறுதலாக யோசித்தவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். முதலாவது, அளவை நம்பலாமா? டி அலையின் முடிவு சுவரில் விழும் நிழலின் ஓரம்போல் மங்கலானது. இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வரும். ஒரே ஆள் காலையிலும் மாலையிலும் அளந்தாலும் மாறும். ஒரு சிறிய கட்டமே 40 மில்லிசெக்கன். பேசப்பட்ட வித்தியாசங்களோ ஒன்றிரண்டு சிறிய கட்டங்கள்தான். நோயற்றவர்களிடம் செய்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், சராசரிச் சிதறல் ஓர் ஆய்வில் சுமார் 10 மில்லிசெக்கன், இன்னொன்றில் சுமார் 70 மில்லிசெக்கன் என்று இருந்தது. நலமானவர்களிடையே இவ்வளவு வேறுபாடு என்றால், நோயாளியை எந்தக் கோட்டில் பிரிப்பது?

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. பன்னிரண்டு கோணங்கள் என்பவை இதயத்தின் பன்னிரண்டு துண்டுகள் அல்ல. முழு இதயத்தின் ஒரே மின்னோட்டத்தைத்தான் பன்னிரண்டு இடங்களில் நின்று பார்க்கிறோம். ஒரே மலையைத் தெல்தோட்டையில் நின்று பார்த்தால் ஒரு வடிவம், ஹேவாஹெட்டயில் நின்று பார்த்தால் இன்னொரு வடிவம். அதற்காக மலை இரண்டாகிவிடாது. ஒரு கோணத்தில் டி அலையின் கடைசிப் பகுதி மட்டமாகத் தெரிந்தால், அலை முன்னதாகவே முடிந்துவிட்டது என்று அளப்பவர் எண்ணிக்கொள்வார். ஆகவே சிதறல் என்று அளந்ததில் பெரும்பகுதி பார்வைக் கோணத்தின் விளைவுதான். தசையின் உள்ளூர்ச் சமமின்மை அல்ல. 1999இல் ரௌதஹார்யு என்ற ஆய்வாளர், தொண்ணூறுகளில் ஈ.சி.ஜி. துறையில் நிகழ்ந்த மிகப் பெரிய மயக்கம் என்றே இதை வருணித்தார். 2000இல் மலிக், பாச்வரோவ் ஆகிய இருவரும் எழுதிய விரிவான மீளாய்வின் முடிவு இது: 100 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட மிகப் பெரிய சிதறல் இருந்தால், டி அலை பொதுவாகச் சீர்கெட்டிருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளமாகக் கொள்ளலாம், சிறிய வித்தியாசங்களை வைத்து ஒருவருடைய தலைவிதியைச் சொல்ல முடியாது.

பாடசாலையில் நின்று இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருத்து சரியாக இருந்தது. சமமற்ற மீட்சி ஆபத்தானது என்பது இன்றும் உண்மை. பிழைத்தது அளவுகோல். கருத்து அழகாக இருக்கிறது, செலவும் இல்லை என்பதற்காக ஓர் அளவுகோலை நம்பிவிடக் கூடாது என்பதை அந்தப் பத்தாண்டு கற்பித்தது. விஞ்ஞானம் படிக்கும் தங்கைமார் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். தனியார் ஆய்வுகூடங்களிலிருந்து வரும் அறிக்கைகளில் கணினி தானாக அச்சிட்ட எண் ஒன்றைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் இருக்கும் தாய்மாருக்கும் இதுவே பதில்.

சிதறல் பின்தள்ளப்பட்ட பிறகும் கியூ.டி. இடைவெளி நிலைத்து நிற்கிறது. அதை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இதயம் வேகமாகத் துடித்தால் கியூ.டி. குறையும், மெதுவாகத் துடித்தால் கூடும். ஆகவே துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். 1920இல் பாசெட் தந்த சூத்திரம் இன்றும் வழக்கில் உள்ளது: அளந்த கியூ.டி.யை, இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தைச் செக்கனில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் இடைநேரம் ஒரு செக்கன். 400 மில்லிசெக்கன் 400ஆகவே இருக்கும். துடிப்பு 75 என்றால் இடைநேரம் 0.8 செக்கன், அதே 400 திருத்தப்பட்டு 447 ஆகும். பதற்றத்தில் துடிப்பு 100 ஆகிவிட்டால், வெறும் 360 மில்லிசெக்கன்கூட 465 என்று வந்து நிற்கும். வேகமான துடிப்பில் இந்தச் சூத்திரம் மிகைப்படுத்திக் காட்டும் என்பது தெரிந்த குறை. அதனால்தான் பயந்து நடுங்கும் பிள்ளையைச் சற்று ஆறவிட்டு மறுபடியும் எடுக்கச் சொல்கிறோம். திருத்திய அளவு வளர்ந்த ஆண்களில் 450க்கும் பெண்களில் 460க்கும் மேற்பட்டால் கவனிக்க வேண்டும். 500ஐத் தாண்டினால் உடனே செயற்பட வேண்டும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வெவ்வேறு எல்லை? சிறுவயதில் இருபாலாருக்கும் கியூ.டி. ஏறத்தாழ ஒன்றுதான். பருவமடையும் வயதில் ஆண்பிள்ளைகளுக்கு அது குறைகிறது. பெண்பிள்ளைகளுக்கு அப்படியே இருக்கிறது. இதனால் வளர்ந்த பெண்ணின் கியூ.டி. ஆணினதைவிடச் சுமார் 10 முதல் 20 மில்லிசெக்கன் நீளமானது. இது நோயல்ல, இயல்பு. ஆனால் கியூ.டி.யை நீட்டும் மருந்தொன்றை எடுக்கும்போது, கரைக்கு ஒரு படி அருகில் நிற்பவர்கள் நாம்தான். மருந்துகளால் உண்டாகும் டோர்சாட் சுழலுக்கு ஆளாவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள்.

எந்த மருந்துகள்? தும்மலுக்கும் ஒவ்வாமைக்கும் உலகெங்கும் விற்கப்பட்ட டெர்பினாடின் என்ற மாத்திரை தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. அதை எரித்ரோமைசின் போன்ற வேறு மருந்துகளுடன் சேர்த்து எடுத்தால், உடலிலிருந்து வெளியேறாமல் தங்கி, கியூ.டி.யை நீட்டியது. வயிற்றுக்குக் கொடுத்த சிசாப்பிரைட் 2000ஆம் ஆண்டில் அதே வழியில் போயிற்று. இன்று எங்கள் ஊர்ப் பார்மசிகளில் சாதாரணமாகக் கிடைப்பவற்றில் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின், பங்கசுக்கான புளூக்கொனசோல், வாந்திக்கான டொம்பெரிடோன், மனநோய்க்கான ஹலோபெரிடோல், மனச்சோர்வுக்கான சிட்டலோபிராம் ஆகியவை கியூ.டி.யை நீட்டக்கூடியவை. லூபசுக்கும் மூட்டுவாதத்துக்கும் பெண்கள் அதிகம் எடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் அப்படித்தான். 2020இல் கொரோனாவுக்கு அதையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்ற பேச்சு உலகம் முழுவதும் பரவியபோது, வைத்தியர்கள் ஈ.சி.ஜி. தாளைக் கையில் எடுத்தது இதற்காகத்தான். டொம்பெரிடோனை 10 மில்லிகிராம் அளவில் நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் போகாமல், ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்காமல் கொடுக்கும்படி ஐரோப்பிய மருந்து முகவரகம் 2014இல் பரிந்துரைத்தது.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் உள்ள மாத்திரைகளை யாரும் எறிந்துவிட வேண்டாம். இவை நல்ல மருந்துகள், உயிர் காப்பவை. வைத்தியர் சொன்ன அளவில் தனியாக எடுக்கும்போது ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து சேர்க்கையில்தான் வருகிறது. இத்தகைய இரண்டு மருந்துகள் ஒன்றாகச் சேரும்போதும், வயிற்றோட்டத்தாலும் வாந்தியாலும் பொட்டாசியம், மக்னீசியம் குறைந்திருக்கும்போதும், நீர் வெளியேற்றும் மாத்திரை எடுப்பவருக்கும், ஏற்கெனவே கியூ.டி. நீண்டவருக்கும் ஆபத்து கூடுகிறது. மூன்று நாட்களாக வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடக்கும் பெண்ணுக்கு, ஒரு கடையில் ஒரு மாத்திரையும் இன்னொரு கடையில் இன்னொரு மாத்திரையும் வாங்கிக் கொடுப்பது எங்கள் தோட்டங்களில் புதினமல்ல. அங்கேதான் நிற்க வேண்டும். அங்கேதான் கேட்க வேண்டும். எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்திருங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

எங்களுக்கு அருகிலேயே, பேராதனை மருத்துவ பீடத்தை மையமாகக் கொண்டு தெற்காசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு பல ஆண்டுகளாக நஞ்சு உட்கொண்ட நோயாளிகளைப் பற்றி ஆய்ந்து வருகிறது. சில பூச்சிநாசினிகளும் கியூ.டி.யை நீட்டும். எனவே நஞ்சு உட்சென்ற ஒருவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும், வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்துக் கண்காணிப்பில் வைக்காமல் வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது.

இனி, பிறப்பிலேயே கியூ.டி. நீண்ட பிள்ளைகளைப் பற்றி. 1957இல் நோர்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு வைத்தியர்கள் ஒரு குடும்பத்தை விவரித்தார்கள். ஆறு பிள்ளைகள். அவர்களில் நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேளாது. அந்த நால்வரும் அடிக்கடி மயங்கி விழுந்தார்கள். அவர்களில் மூவர் 4, 5, 9 வயதுகளில் திடீரென இறந்தார்கள். தாய் தகப்பன் இருவருக்கும் காது நன்றாகக் கேட்டது. பிள்ளைகளின் ஈ.சி.ஜி.யில் கியூ.டி. மிக நீண்டிருந்தது. அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே, 1856இல், ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து வைத்தியரான மைஸ்னர் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்திருந்தார். காது கேளாதோர் பாடசாலை ஒன்றில், ஏதோ குற்றத்துக்காக முன்னே அழைத்துக் கண்டிக்கப்பட்ட சிறுமி அந்த இடத்திலேயே விழுந்து இறந்துபோனாள். செய்தியைக் கேட்ட பெற்றோர் வியப்படையவில்லை. அவளுடைய உடன்பிறப்புகளும் முன்னர் அதிர்ச்சியின்போது அப்படியே இறந்திருந்தார்கள். அன்று அதற்குக் காரணம் சொல்ல ஈ.சி.ஜி. இல்லை. இன்று இருக்கிறது.

இந்த வகை, பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணு வந்தால் மட்டுமே பிள்ளையைப் பாதிக்கும். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் எங்கள் மக்களிடையே உண்டு. யாரையும் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நெருங்கிய உறவில் பிறந்து, காதும் கேளாமல், மயங்கியும் விழும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

காது நன்றாகக் கேட்பவர்களிடம் வரும் வகையை 1963இல் இத்தாலியில் ரொமானோவும் 1964இல் அயர்லாந்தில் வார்டும் தனித்தனியே விவரித்தார்கள். இதுவே பரவலானது. தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். இத்தாலியில் பிறந்த 44,000க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபின், ஏறத்தாழ 2000 பேருக்கு ஒருவரிடம் இது இருப்பதாக மதிப்பிட்டார்கள். இது எப்போது வெளிப்படும் என்பதும் மரபணுவைப் பொறுத்தது. சிலர் ஓடும்போதும் நீந்தும்போதும் விழுவார்கள். சிலர் திடீர்ச் சத்தத்தில், தொலைபேசி மணியிலோ அலாரத்திலோ திடுக்கிட்டு விழுவார்கள். இந்த வகைப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின்வரும் மாதங்கள் குறிப்பாக ஆபத்தானவை. சிலருக்குத் தூக்கத்தில் நடக்கும்.

விழும்போது கைகால்கள் இழுப்பதால் இதைக் காக்கை வலிப்பு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுப்பது உலகெங்கும் நடப்பதுதான். எங்கள் லயங்களில் அதற்கும் முன்னால் வேறு ஒரு கட்டம் உண்டு. பேய் பிடித்தது, முனி அடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிச் செல்வார்கள். நூல் கட்டுவதில் எங்களுக்குச் சண்டை இல்லை. கட்டியபின் ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள் என்பதுதான் வேண்டுகோள். ஏனென்றால் கண்டுபிடித்துவிட்டால் இது கட்டுப்படுத்தக்கூடிய நோய். பெரும்பாலானோருக்குப் புரொப்பரனலோல், நடலோல் போன்ற மாத்திரைகளே போதும். புரொப்பரனலோல் பல காலமாகப் பாவனையிலுள்ள மலிவான மாத்திரை. சிலருக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவி பொருத்த வேண்டிவரும். மாத்திரையைத் தவறாமல் எடுத்து, கூடாத மருந்துகளைத் தவிர்த்து, படித்து, தொழில் பார்த்து, பிள்ளை பெற்று வாழலாம்.

ஆகவே ஆசிரியர்களும் பெற்றோரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய அடையாளங்களைச் சொல்கிறோம். வெயிலில் நீண்ட நேரம் நின்று, தலைசுற்றி, வியர்த்து, கண் இருண்டு, மெதுவாகச் சரிந்த பிள்ளை, படுத்ததும் தெளிந்தால், அது பெரும்பாலும் சாதாரண மயக்கம். ஓடும்போது அல்லது விளையாடும்போது விழுந்தால், திடீர்ச் சத்தத்தில் அல்லது பயத்தில் விழுந்தால், படுத்திருக்கும்போது மயக்கம் வந்தால், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் மரம்போல் சாய்ந்து அடிபட்டால், குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாரும் திடீரென இறந்திருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவர் காரணமின்றி மூழ்கியிருந்தால், பிறவியிலேயே காது கேளாத பிள்ளை மயங்கினால், வலிப்பு மாத்திரை கொடுத்தும் நிற்காவிட்டால், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். ஒரு தாளில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், கதை சந்தேகத்துக்குரியதாக இருந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். வீட்டாருக்கும் எடுக்க வேண்டும்.

விழுந்த பிள்ளை கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் விடாமல் கிடந்தால், தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, வளர்ந்தவர் என்றால் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. மலைப்பாதையில் அம்புலன்ஸ் வந்துசேர நேரமெடுக்கும் ஊரில், அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்ட வைப்பவர் அருகில் நிற்கும் ஆசிரியையோ வகுப்புத் தோழியோதான்.

அப்படியானால் பாடசாலையிலுள்ள எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்துவிடலாமே என்று சங்கத்தில் சிலர் கேட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கியூ.டி. சிதறலின் கதை கற்பித்ததை இங்கே நினைக்க வேண்டும். கதையில்லாமல் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால், நோயில்லாத பல பிள்ளைகளுக்கு ‘இதய நோய்க்காரி’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும், விளையாட்டை நிறுத்துவார்கள், நாளைக்குக் கல்யாணப் பேச்சிலும் அது வந்து நிற்கும். முதலில் கேட்க வேண்டியது கதையை. பிறகு எடுக்க வேண்டியது தாளை.

எனவே நூற்றாண்டு ஆண்டில் சங்கம் மூன்று வேலைகளைப் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கிறோம். முதலாவது, ஆசிரியர்களுக்கும் உயர்தர மாணவியருக்கும் ஆண்டுதோறும் நெஞ்சழுத்தப் பயிற்சி. விளையாட்டுப் போட்டிக்கு முன்னரே அது நடக்க வேண்டும். இரண்டாவது, மயங்கி விழும் பிள்ளைகளுக்காக ஒரு பதிவுப் புத்தகம். எப்போது, என்ன செய்துகொண்டிருக்கும்போது, எத்தனை நிமிடம் என்று மூன்று வரி எழுதினால் போதும். வைத்தியருக்கு அது தங்கம். மூன்றாவது, ஒரு சிறு நிதி. கலஹா வழியாகப் பேராதனைக்கு இறங்கி ஒரு பிள்ளையைக் காட்டிவரத் தாய்க்கு ஒரு நாள் முழுவதும் போய்விடும். அந்த நாளின் பேரும் சம்பளமும் போய்விடும். ஈ.சி.ஜி. இலவசம், அந்த நாள் இலவசமல்ல. பிள்ளைகள் கிளினிக்குக்கு வராமல் நிற்பது அறியாமையால் மட்டுமல்ல, பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான். பஸ் காசையும் இழந்த நாட்சம்பளத்தையும் சங்கம் கொடுத்தால், ஒரு தாய் தயங்காமல் புறப்படுவாள்.

கடைசியாகச் சின்ன விடயம் ஒன்று. ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தால் அச்சாவது. அலமாரியில் கிடந்தால் சில ஆண்டுகளில் வெளிறி, கோடுகள் மறைந்துவிடும். எடுத்த அன்றே போட்டோப் பிரதி ஒன்று எடுத்து, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கவரிலேயே வைத்துவிடுங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் மகளுக்கு மயக்கம் வந்தால், அன்றைய வைத்தியர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.